வாள் படாத கதவுகள்

அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை இதுதான்: "பரியாரியார் வீட்டில இரும்."

பரியாரியார் வீடு என்பது வந்தவர் உட்காருகிற ஒரு வாங்கு. நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியாரின் வீட்டு யன்னல் கதவுகள் இரண்டைச் சேர்த்து முருகைக்கல் அடுக்குகளின் மேல் போட்டது. சாப்பாட்டு மேசைக்குப் பெயர் தபால்காரர் வீடு. அக்கா படுக்கிற கட்டில் ரீச்சர் வீடு. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்கிற தட்டு ஐயர் வீட்டு யன்னல். கம்பிகளோடு அப்படியே நாலு மூலையிலும் கயிறு கட்டி அக்கா அதைக் கூரை மரத்தில் தொங்கவிட்டிருந்தார். "தபால்காரர் வீட்டில தேத்தண்ணி இருக்கு, ஐயர் வீட்டில ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வாரும்" என்று அக்கா சொன்னால், புதிதாக வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற் படலையடிக்குப் போய்விடுவார். நான் நேரிலேயே கண்டிருக்கிறேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் மடத்துவெளியில் அவருக்குக் கதவுக்காரி என்று ஒரு பட்டம் வைத்து, வாய் நிறையச் சொல்லிச் சிரித்தார்கள். பெயர் கெட்டது அதோடு போதும்.

சண்டையில் இடம்பெயர்ந்துபோன நாங்கள் தொண்ணூற்றாறில் தீவுக்குத் திரும்பி வந்தபோது ஊர் பற்றைக்குள் கிடந்தது. வீடுகள் நின்றன. ஆனால் ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. யார் கழற்றினார்கள் என்று கேட்டுப் பயனில்லை. கேட்கக்கூடிய காலமும் அதுவல்ல. கொண்டுபோனது போக மிச்சம் கிணறுகளுக்குள்ளும் நாயுண்ணிப் பற்றைகளுக்குள்ளும் பதுங்குகுழிகளின் மேலும் கிடந்தது. வீட்டுக்காரரில் பாதிப் பேர் கனடாவிலும் சுவிசிலும். மற்றவர்கள் கொழும்பில், வன்னியில், யாழ்ப்பாணத்தில் ஆருடையதோ ஒரு அறையில். வேறு போக்கிடம் இல்லாத நாங்கள் கொஞ்சப் பேர்தான் திரும்பி வந்தோம்.

எங்கள் வளவுக்குள் கிடந்த கதவுகளை நாங்கள் கொத்தி எரித்தோம். ஆருடைய கதவு என்று ஆராயவில்லை. முதிரை மரம், நின்று எரியும். சோறு நன்றாகவே வெந்தது. அதைப்பற்றி எனக்கு அன்றும் வருத்தம் இல்லை, இன்றும் இல்லை. சாரைப்பாம்பு படுத்திருந்த கதவைத் தூக்கிவந்து துடைத்து வைக்க எனக்கு நேரமில்லை. பிள்ளைகளுக்குப் பசி.

அக்கா அதைத்தான் செய்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வளவு. காலையில் பார்த்தால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, ஒரு கதவை ஏற்றிக்கொண்டு ஒழுங்கையில் வந்துகொண்டிருப்பார். கிணற்றுக்குள் கிடந்ததைக் கயிறு போட்டு இழுப்பார். தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவி, நிழலில் காயவிட்டு, வேப்பெண்ணெய் பூசுவார். பிறகு எங்கே எப்படி வைக்கலாம் என்று இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அரைநாள் நின்று யோசிப்பார். ஊர்ச் சடங்குகளுக்கு மா இடிக்கப் போய் அவர் ஏறி இறங்காத வீடு இல்லை. எந்தக் கதவு எந்த வீட்டது என்று தடவிப் பார்த்தே சொல்வார்.

வீட்டுச் சாமான் என்று அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாங்கவும் வழியில்லை. கடற்கரையில் ஒதுங்குகிற நீல நைலோன் கயிறும், இடிந்த மதில் கல்லும், ஊராருடைய கதவுகளும்தான் முதல். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே நிரப்பிவிட்டார். கட்டில் ஆடாது. மேசையில் வைத்த தண்ணீர் தளும்பாது. அலுமாரிக்கு ஒரு கதவை நிமிர்த்தி வைத்து, யன்னல் பலகைகளைத் தட்டுத் தட்டாகக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார். கதவின் நாதாங்கியில் லாம்பு தொங்கும். கறையான் ஏறாமல் ஒவ்வொரு கல்லின் கீழும் சாம்பல் கொட்டியிருக்கும்.

இதில் ஒரு விசித்திரம், அந்த வீட்டில் ஒரு வாள் கிடையாது. ஒரு ஆணிகூட இல்லை.

வாள் இரவல் கேட்டால் கொடுக்க ஆள் இருந்தது. என் மனுசன் ஆணி தருகிறேன் என்று டப்பாவோடு போனார். அக்கா வாங்கவில்லை. "ஆணி அடிச்சால் ஓட்டை விழும். ஓட்டையோட எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"ஆற்ர கதவோ அவைக்கு."

"அவை வரமாட்டினம் அக்கா."

"வீட்டுக்காரர் வராமல் எங்க போறது? சண்டை முடியட்டும். வந்து நிலை வைக்கேக்க கதவு வேணுமெல்லே?"

அவருடைய சொந்த வீட்டுக் கதவு போன இடம் தெரியாது. அக்காவின் வாசலில் சாக்குத்தான் தொங்கியது. உள்ளே எட்டுப் பத்து வீட்டுக் கதவுகள், வாசலில் சாக்கு. ஒன்றைக் கொண்டுபோய் வாசலில் மாட்டுங்கோவன் என்றால், அளவு வராது, சீவ வேணும், சீவினால் பிறகு அங்கே பொருந்தாது என்பார். சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? விற்பதற்குத்தான் பதுக்குகிறாள் என்றுகூடக் கதைத்தார்கள். அப்படிக் கதைத்தவர்கள் கதவை எரித்தவர்கள்தான்.

எல்லாக் கதவுக்கும் மேலானது முதலாளி வீட்டு முன்கதவு. நடுவில் இலட்சுமி செதுக்கியது. தாமரையில் இருக்கிற இலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. அதைப் படுக்கப் போடக்கூடாது, அதில் சாப்பிடக்கூடாது, அதற்குக் கால் நீட்டக்கூடாது. ஆகவே அக்கா அதைக் கூடத்தின் நடுவில் இரண்டு கல்தூண்களுக்கு இடையில் நிமிர்த்தி நிறுத்தி மறைப்பாக்கியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு ஒரு பொட்டு. அந்த மறைப்புக்குப் பின்னால்தான் அண்ணை கிடந்தார்.

அண்ணை, அக்காவின் புருசன், அந்த முதலாளியின் கடையில் நின்றவர். கடை தெற்கே ஒரு டவுனில் இருந்தது. எங்கள் தீவில் கடையில் வேலை செய்தார் என்று சொல்லும் வழக்கமில்லை, நின்றார் என்போம். பொருத்தமான சொல்தான். அந்தக் கடையில் ஒரேயொரு கதிரை. அதில் முதலாளி இருப்பார். முதலாளி இல்லாத நேரம் அது சும்மா இருக்கும். விடியக் கடை திறந்தால் பூட்டும்வரை மற்றவர்கள் நிற்கவேண்டும். திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது அண்ணையின் கால்கள் வீங்கிப் பளபளவென்று இருக்கும். அக்கா உப்புத் தண்ணீர் சுடவைத்து ஊற்றுவார். அப்படியே இளமை போய்விட்டது.

திரும்பி வந்த அடுத்த வருசம் அவரைப் பாரிசவாதம் போட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பும்போது டொக்டர் அக்காவிடம் விளக்கமாகச் சொன்னார். கூட நானும் நின்றேன். "படுக்கையிலேயே விடாதேங்கோ அம்மா. நெஞ்சில சளி கட்டும். கையுள்ள கதிரை ஒண்டில நிமிர்த்தி இருத்துங்கோ. ஒரு நாளைக்கு ஐஞ்சாறு மணித்தியாலம் இருந்தாரெண்டால் ஆள் தப்பும்."

கையுள்ள கதிரை. அக்காவால் செய்ய முடியாத ஒரே சாமான் அதுதான்.

நினைத்துப் பாருங்கள். கதவைப் படுக்கப் போட்டால் கட்டில், உயர்த்தினால் மேசை, நிமிர்த்தினால் அலுமாரி. ஆனால் ஒரு கதவை எப்படித் திருப்பினாலும் கதிரை வராது. கதிரைக்கு நாலு கால் வேண்டும், முதுகு வேண்டும், கை வேண்டும். அறுக்காமல் ஆகாது. எங்கள் வீட்டில் அப்போது இருப்பதற்குப் பனங்குற்றிதான். யாழ்ப்பாணத்தில் கதிரை விற்றார்கள், விற்காமலில்லை. அந்த நாளில் ஒரு கதிரையின் விலைக்கு அண்ணையின் மருந்து எத்தனையோ மாதத்துக்கு வரும். அக்கா மருந்தை வாங்கினார்.

கதிரைக்கு அக்கா படாத பாடு பட்டார். பரியாரியார் வீட்டு வாங்கைச் சுவரோடு ஒட்டிவைத்து, பின்னால் தலையணை கொடுத்து, சேலையால் கட்டி இருத்தினார். அண்ணை அரிசி மூட்டை சரிவதுபோல விழுந்த பக்கமாகவே சரிந்தார். பிறகு தன் சொந்த வேலியில் நின்ற பூவரசங் கதிகால்களைக் கொடுவாக்கத்தியால் வெட்டி, கயிற்றால் வரிந்து ஒரு கதிரை கட்டினார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அண்ணை அதில் இருந்து ஒழுங்கையைப் பார்த்தார். "முதலாளி மாதிரி இருக்கிறன்" என்று குழறிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது ஒன்றுதான். பச்சைத் தடி. கிழமை முடிவதற்குள் காய்ந்து சுருங்கி, கட்டுத் தளர்ந்து, ஆளோடு சேர்ந்து சரிந்தது. முழங்கை தேய்ந்து புண்ணாகிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணை இலட்சுமி கதவைக் கேட்கத் தொடங்கினார். வேறு எதையும் கேட்கவில்லை. நாள் முழுக்க அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர் வேறு எதைக் கேட்பார்?

"இஞ்சேரும், உந்தக் கதவை வெட்டி எனக்கொரு கதிரை செய்விச்சுத் தாரும்."

"அது முதலாளி வீட்டுக் கதவெல்லே."

"ஓம். அதுதான் கேக்கிறன். ஆயுசில பாதி அந்தாளின்ர கடையில நிண்டனான். ஒரு கதிரைக்குப் பலகை எனக்குச் சேராதே?"

"உண்ட வீட்டுக்கு வாள் வைக்கச் சொல்லுறியள். நாளைக்கு அவை வந்து கேட்டால் நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

"நீர் நிக்க வேண்டாம். நான் இருக்கவேணும்."

அந்த மனுசன் குழறிக் குழறிச் சொன்னாலும் சொல்லில் தெளிவு இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவைக் குசினிக்குள் இழுத்துப்போய்ச் சத்தமாகவே கேட்டேன். "மனுசன் பெரிசோ, மரம் பெரிசோ? இலட்சுமியை வெட்டப் பயமெண்டால் மற்றக் கதவு ஒண்டை வெட்டுங்கோவன்."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டு சொன்னார். "ஒண்டை வெட்டினால் பிறகு எல்லாம் ஒண்டுதான். வெட்டாத வரைக்கும் நான் வச்சிருக்கிறவள். வெட்டினால் நான் எடுத்தவள். எல்லாம் போயிட்டுது எங்களுக்கு. இந்தப் பேராவது மிஞ்சட்டும் விடும்."

இப்படிப் பேசுகிறவரோடு சண்டை பிடிக்க முடியாது. நான் பிடித்தேன். ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. என் மனுசன், ஒரு நாள் அக்கா சங்கக்கடைக்குப் போன நேரம் தபால்காரர் மேசையை வெட்டி விடட்டோ என்று கேட்டார். நான்தான் வெட்டும் என்றேன். வாளோடு போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அண்ணையே வேண்டாமென்று விட்டாராம். "அவ தந்தால்தான் எனக்கு வேணும்" என்றாராம்.

அக்கா தரவில்லை. மாரி தொடங்கி ஈரக்காற்று வீசியபோது அண்ணைக்கு நெஞ்சு அடைத்தது. டொக்டர் சொன்னபடியே சளி கட்டியது. அக்கா அவரைத் தன் மார்பில் சாய்த்து, சுவரில் முதுகை வைத்து, தானே கதிரையாக இருந்து பார்த்தார். இரண்டு மூன்று நாள் அப்படி இருந்தார். பிறகு ஒரு மத்தியானம், மறைப்புக்குப் பின்னால் பாயில், அண்ணை போனார். பிணத்தைக் கிடத்த ஒரு கட்டில் வேண்டுமென்றார்கள். ரீச்சர் வீட்டைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டோம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நிலத்தில் இருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அக்காவைத்தான் பார்த்தார்கள்.

நான் அவரை மன்னித்தேனா என்றால், அப்போது இல்லை.

அதற்கு நாலைந்து வருசம் கழித்து, சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் கனடாக்காரர் வரத் தொடங்கினார்கள். வேன் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு, பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டு வந்தார்கள். வளவுகளைக் காட்டிக் காட்டி வீடியோ எடுத்தார்கள். முதலாளி வீட்டு மகன் திருவிழாவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா ஓய்ந்திருக்கவில்லை. கதவுக்கு எண்ணெய் போட்டார். பித்தளைக் குமிழைப் புளி போட்டு மினுக்கினார். இலட்சுமிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். கதவை ஏற்றிப்போக உழவு இயந்திரம் ஒன்றுக்கும் சொல்லிவைத்தார். நானும் போய்க் கூடத்தைக் கூட்டிக் கொடுத்தேன். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சம். இந்தக் கிழவிக்கு இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வந்தவர் நல்ல மனிதர்தான். சிரித்த முகம். வாசற் சாக்கை விலக்கியபடியே வீடியோவில் சொல்லிக்கொண்டு வந்தார், "இந்தா பாருங்கோ, எங்கட கதவு." பிறகு அக்காவைப் பார்த்து, "அன்ரியின்ர மனுசன் அப்பாவின்ர கடையில நிண்டவர்தானே?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி. கனகாலம் நிண்டவர்."

"நல்ல மனுசன். எங்க ஆள்?"

"காலமாகிட்டார்." அக்கா கதவைத் தடவிக் காட்டினார். "பாருங்கோ தம்பி, ஒரு கீறு விழயில்லை. கிணத்துக்குள்ள கிடந்தது. எப்ப நிலை வைக்கப் போறியள்?"

"நிலையோ?" அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "நாங்கள் காணியை விக்கப் போறம் அன்ரி. இஞ்ச ஆர் வந்து இருக்கப் போறது? இலட்சுமியை மட்டும் கொண்டு போறம். அங்க ஹோலில மாட்டினால் வடிவா இருக்கும்."

வேனுக்குள் தச்சுவேலை செய்கிற ஓடாவி ஒருவர் இருந்தார். சரவணை ஊரிலிருந்து கூட்டி வந்தார்களாம். சூட்கேசின் அளவை முழக்கோலில் குறித்துக்கொண்டு வந்திருந்தார். கதவைக் கல்தூணிலிருந்து இறக்கி நிலத்தில் படுக்கப் போட்டார். அதைப் படுக்கப் போட அத்தனை காலம் அக்கா ஒருவரையும் விட்டதில்லை. வாளை வைக்கமுன் ஓடாவி அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அக்கா விலகி இடம் விட்டார். கதவு அவருடையது அல்லவே.

முதிரை அறுபட நேரம் எடுக்கும். அவர்கள் அதற்குள் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். அண்ணையின் பாய் கிடந்த இடமெல்லாம் மரத்தூள் மஞ்சளாகக் கொட்டியது. அக்கா சுவரோரம் நின்று அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார். இருங்கோ அக்கா என்றேன். இருக்கவில்லை.

திரும்பி வந்து, இலட்சுமியைத் துவாயில் சுற்றிக்கொண்டு புறப்படும்போது அந்த மகராசன் சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மிச்சத்தை நீங்களே வச்சிருங்கோ அன்ரி. விறகுக்காவது உதவும்."

வேன் போனது. ஓடாவி மட்டும் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் போவதாக இருந்தார். அக்கா அவரிடம், "தம்பி, உம்மிட்ட பழைய வாள் ஒண்டு கிடக்குமோ?" என்று கேட்டார். வெறும் விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்.

வாள் அடுத்த நாளே பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஆணியும் சுத்தியலும் எங்கள் வீட்டிலிருந்துதான் போயின. அக்கா முதலில் முதலாளி கதவின் மிச்சத்தை அறுத்தார். கதிரைதான் செய்தார். கையுள்ள கதிரை. இலட்சுமி இருந்த இடம் சதுர ஓட்டையாகக் கதிரையின் முதுகில் வந்தது. அதை அண்ணையின் பாய் கிடந்த இடத்தில் வைத்தார். அத்தோடு நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தபால்காரர் வீடு, ஐயர் வீட்டு யன்னல், பரியாரியார் வீடு எல்லாவற்றையும் அறுத்தார். கையில் கொப்புளம் உடைந்து சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு அறுத்தார்.

"ஏனக்கா இதுகளையும்? மற்ற ஆக்கள் வந்தால்?"

"ஒருத்தரும் வரமாட்டினம். வந்தாலும் வாளோடதான் வருவினம். நான் அறுத்தால் நாலு பேர் இருப்பினமெல்லே."

ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு கதிரை கொடுத்தார். கதவுக்காரி என்று சிரித்த வீடுகளுக்கும் கொடுத்தார். அழகான கதிரைகள் என்று சொல்லமாட்டேன். முதுகு செங்குத்தாக நிற்கும், ஒரு கால் கட்டையாக இருக்கும். எங்களுக்குக் கிடைத்த கதிரையின் முதுகில் ஒரு சாவித் துவாரம் இருந்தது. என் மகள் அதற்குள் விரலை விட்டு விட்டு விளையாடுவாள். சனம் கதிரையை வாங்கிக்கொண்டது. இருந்தும் பார்த்தது. இதை முந்தியே செய்திருந்தால் அந்த மனுசன் இருந்திருக்கும் என்று, அந்தக் கதிரையில் இருந்துகொண்டே கதைத்தது.

கடைசியாக அறுத்தது ரீச்சர் வீட்டை, அதாவது தன் கட்டிலை. அந்தக் கதவு உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. ரீச்சர் தன் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கரும்பலகை வாங்க வழியில்லாமல் கதவுக்கே கறுப்பு மை அடித்து, அதில் எழுதிப் படிப்பித்தவர். என் தம்பிமார் கூட்டல் கழித்தல் படித்தது அந்தக் கதவில். அதில் நாலு கதிரை வந்தது. மூன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தன் கூடத்தில் வைத்தார். அக்கா அதன்பிறகு பாயில் படுத்தார்.

அடுத்த வருசம் தைப்பொங்கல் கழிந்த ஒரு காலை. நான் அக்காவிடம் உரல் கேட்கப் போயிருந்தேன். படலையடியில் குடையோடு ஒரு வயதான மனுசி நின்றார். மெலிந்து போயிருந்தார். குரல் கேட்டபிறகுதான் ரீச்சர் என்று தெரிந்தது. வெளிநாடு ஒன்றும் போகாதவர். வன்னிக்குப் போய், அங்கே எல்லாம் இழந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு அறையில் இருந்தவர். பஸ்ஸில் வந்திருந்தார்.

அக்கா வழக்கம்போல, "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்றார். ரீச்சர் உள்ளே வந்து பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தார். கறுப்புக் கதிரை. நான் உரலில் கைவைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"நான் ஊரோட வந்திடுவம் எண்டு பாக்கிறன்" என்றார் ரீச்சர். "சின்னனா ஒரு அறை கட்டப் போறன். அதில நாலு பிள்ளையளை வச்சுப் படிப்பிக்கலாம். உங்களிட்ட என்ர கதவு இருக்கெண்டு கேள்விப்பட்டு வந்தனான். எல்லாரும் சொன்னவை, நீங்கள் வாள் படாமல் வச்சிருக்கிறியளாம். அந்தக் கதவு எனக்கு வேணும் அக்கா. அறையை அந்தக் கதவின்ர அளவுக்குத்தான் கட்டப் போறன்."

ஒரு பொய் சொல்லலாம். கறையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம், ஆரோ களவெடுத்தார்கள் என்று சொல்லலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன். சொல்லுங்கோ அக்கா என்று என் மனதுக்குள் கெஞ்சினேன்.

"ரீச்சர்" என்றார் அக்கா. "நீங்கள் அதிலதான் இருக்கிறியள்."

ரீச்சர் குனிந்து கதிரையின் கையைப் பார்த்தார். பெருவிரலால் அந்தக் கறுப்பை மெதுவாகத் தேய்த்தார். எழுந்து நின்றார். நின்று பார்த்துவிட்டு, திரும்பவும் அதிலேயே இருந்தார்.

"வச்சிருந்தனான் ரீச்சர்" என்றார் அக்கா. "போன வருசம் வரைக்கும் வச்சிருந்தனான்."

ரீச்சர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணி குடித்தார். அண்ணையைப் பற்றி விசாரித்தார். நாலு கதிரையையும் சேர்த்துத் தருகிறேன், ஓடாவியைப் பிடித்து ஒட்டுவித்துத் தருகிறேன் என்று அக்கா பதறியபோது, ரீச்சர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அக்கா. இருக்கிறவை இருக்கட்டும்" என்றார். குடையை விரித்துக்கொண்டு போனார். ஊரோடு வந்து இருக்கவும் இல்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. கதவால்தான் என்று சொல்ல மாட்டேன். கதவால் இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அன்று பின்னேரம் உரலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா நிலத்தில் இருந்தார். பக்கத்தில் முதலாளி கதிரை, முதுகில் ஓட்டையோடு, ஆளில்லாமல் கிடந்தது. அதில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. வாளைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஓடாவிக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

வாங்கிக்கொண்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கவலைப்படாதேங்கோ அக்கா. நீங்கள் கள்ளி இல்லையெண்டு ரீச்சருக்குத் தெரியும்."

"கள்ளியெண்டால் பறவாயில்லை" என்றார் அக்கா. "கள்ளி எண்டால் முதல் நாளே வெட்டியிருப்பாள். அந்த மனுசன் இருந்திருக்கும்."